அண்ணன் இடத்தில் மணல் மூட்டை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் பேச்சு எங்கே போய் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். பேத்தியை எந்தக் காலேஜில் சேர்ப்பது, எவ்வளவு கேட்கிறார்கள், போட்டது திரும்புமா. ஒருவர் திரும்பும் என்பார். இன்னொருவர் என்ஜினியரிங் முடித்துவிட்டு அறந்தாங்கியில் செல்போன் கடையில் நிற்கும் தன் மருமகனை உதாரணம் காட்டுவார். போன கார்த்திகையில் ஆவுடையார்கோவிலில் ஒரு காதுகுத்து வீட்டில் பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தபோது என்னையும் இழுத்தீர்கள். "நீங்க மட்டும் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறீங்களே?" என்றீர்கள். சிரித்துவிட்டுக் கைகழுவ எழுந்து போனேன்.

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வீட்டின் கதை. அதைச் சொன்னால் வருத்தப்படக்கூடிய இரண்டு பேரில் ஒருவர் அண்ணன். அவர் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. இன்னொருவர் சின்னாத்தா, அதாவது என் சித்தப்பாவின் மனைவி. நீங்கள் கேட்ட அன்று அவள் உயிரோடு இருந்தாள். அதற்கடுத்த தை மாதம் போய்ச் சேர்ந்தாள். இனிச் சொல்வதில் யாருக்கும் வருத்தமில்லை.

கோட்டைப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே எங்கள் கரை. நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். ஆண்டை நான் இப்படித்தான் நிதானிக்கிறேன்: அண்ணன் சேர்ந்தது பி.யு.சி. அடுத்த சில ஆண்டுகளுக்குள் அந்தப் படிப்பே போய், பள்ளிக்கூடத்திலேயே பன்னிரண்டாம் வகுப்பு வந்துவிட்டது. இன்னோர் அடையாளமும் உண்டு. அந்த ஆண்டு தீபாவளி ஐப்பசி மாதத்தின் கடைசியில் வந்தது. பழைய பஞ்சாங்கத்தைத் தேடிப் பிடித்து இதை உறுதி செய்துகொண்டேன். முந்தைய ஆண்டில் ஐப்பசி பிறந்த கையோடு வந்திருந்த தீபாவளி, அந்த ஆண்டு மாதம் முழுவதையும் கடந்து கடைசியில் வந்தது. இந்த வித்தியாசத்தில் ஓர் உயிர் போனது.

அப்பாவிடம் ஒரு வத்தை இருந்தது. அப்போது எங்கள் பக்கம் என்ஜின் போட்ட லாஞ்சுகள் வந்துவிட்டன என்றாலும் பாதிப் பேர் பாய்மரத்தில்தான் போனார்கள். வத்தைக்கு அடிப்பாகம் தட்டை. பாயோ பெரியது. பக்கவாட்டில் காற்று அடித்தால் படகு சாய்ந்துவிடும். சாயாமலிருக்கப் படகின் குறுக்கே நீளமான பலகை ஒன்று, இரண்டு பக்கமும் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துப் பலகை நுனியில் ஓர் ஆள் போய் உட்கார வேண்டும். அவன் கனத்தில் படகு நிமிரும். காற்று கூடினால் இன்னும் வெளியே தள்ளி உட்காருவான். காற்று மாறினால் எழுந்து ஓடி மறுநுனிக்குப் போவான். அதற்கு நல்ல உடம்பும் வேண்டும், பூனைக்கால்களும் வேண்டும்.

எங்கள் படகில் நாலு பேர். சுக்கான் அப்பாவிடம். பாய்க் கயிறு சித்தப்பாவிடம். வலைக்கார மாமா மூன்றாவது ஆள். அவர் ராவுத்தர். படகில் இருந்த வலைகள் அவருடையவை. அதனால் எனக்கு அவர் வலைக்கார மாமா. பலகையில் அண்ணன்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததிலிருந்து ஓராண்டு அண்ணன் பலகையில் இருந்தார். படகு கரைக்குத் திரும்பும்போது முதலில் தெரிவது பாய். அடுத்துத் தெரிவது தண்ணீருக்கு மேல் தனியாக மிதந்து வருவது போல அண்ணன். முழங்கால் வரை அலை அடிக்கும். கரையில் குதிக்கும்போது புருவம் இரண்டும் உப்பில் வெள்ளையாக இருக்கும். "பாரு, ஒங்கண்ணன் கெழவனாயிட்டேன்" என்பார். மனிதர்கள் சந்தோஷமாக இருப்பதை நான் பிறகும் பார்த்திருக்கிறேன். அது போல் பார்த்ததில்லை.

எங்கள் கரையில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் அவர். ஓராண்டு கழித்து, ஆனி மாதத்தில், பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு வந்து, புதுக்கோட்டைக் காலேஜில் இடம் கிடைக்கும், இப்போது விட்டால் பிறகு கிடைக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மத்தியானம் வலை காயப்போட்ட இடத்திலேயே பேச்சு நடந்தது. நான் வலையில் சிக்கிய நண்டுக்காலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே பங்கு பற்றிச் சொல்ல வேண்டும். மீன் விற்று வருவதில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஏறுகிற ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. அண்ணன் இறங்கினால் இன்னோர் ஆள் ஏற வேண்டும். அவன் ஏறினால் அண்ணனின் பங்கு அவனுக்குப் போய்விடும். பிறகு ஹாஸ்டலுக்கு எதைக் கட்டுவது?

"ஆளே போடாம இருந்தா?" என்றார் சித்தப்பா.

"ஆளு போடாம பலகைய யாரு பாக்குறது? ஒங்காத்தாவா?" என்றார் வலைக்கார மாமா.

"கனந்தான மாமா வேணும். கரை பூராவும் மணலு கெடக்கு. சாக்குல அள்ளிக் கட்டுவோம். அதென்ன பங்கா கேக்கப் போகுது?"

"ஏப்பா மாப்ள, மணலு எந்திரிச்சு நடக்குமா? காத்து திரும்புனா அங்கிட்டு ஓடுமா?"

"சோழகம் எங்க மாமா திரும்புது? நெதம் தெக்கேருந்துதான் அடிக்குது. போறப்ப வலப்பக்கம் கட்டுவோம். வலைய இழுத்து வாங்குறப்ப பாய எறக்கித்தான ஆகணும், அப்ப அவுத்து எடப்பக்கம் கட்டிக்கிட்டுத் திரும்புவோம். வடக்கேருந்து வாடை வந்தாத்தான் வம்பு."

அப்பா காய்ந்த வலையைத் தடவிக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தீர்ப்பு மாதிரிச் சொன்னார்: "தீபாவளி வரைக்கும் மூட்ட. தீபாவளி கழிச்சு ஆளு. அதுக்குள்ள புள்ளைக்கு ஏதாச்சும் வழி பண்ணிக்குவோம்."

எல்லாரும் சரி என்றார்கள். எங்கள் கரையில் காலத்தை அப்படித்தான் சொல்வார்கள். பொங்கல் வரை இந்த வலை, தீபாவளி வரை தென்காற்று. அது ஏறக்குறையச் சரியாகவும் இருக்கும். அந்த ஆண்டு தீபாவளி எப்போது வருகிறது என்று அந்த ஆனி மாதத்து மத்தியானத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கடலைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது எதுவுமில்லை. பஞ்சாங்கம் பார்க்கிற பழக்கம் மட்டும் இல்லை.

இன்னொன்றையும் ஒருவரும் கேட்கவில்லை. அண்ணன் கொஞ்சம் தள்ளி, முழங்கால் தண்ணீரில் நின்று பாயை அலசிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுச் சொன்னார்கள். தலையை ஆட்டினார்.

தகரப் பெட்டி ஒன்று வாங்கினார்கள். பச்சை நிறம், மூடியில் ரோஜாப்பூ. ஆத்தா அதில் சென்னாக்கூனி என்கிற பொடி இறாலை வறுத்து இடித்த பொடியை வைத்தாள். சின்னாத்தா இளஞ்சிவப்பில் ஒரு சோப்பு டப்பா வாங்கி வந்தாள். சின்னாத்தாவுக்குப் பிள்ளை இல்லை. அண்ணனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். பஸ் ஏறும்போது ஆத்தா அழுதாள். சின்னாத்தா அழவில்லை. "பெரிய ஆபீசரா வாடா. நான் ஒன் காருல முன்னாடி உக்காருவேன், ஒங்காத்தா பின்னாடி" என்றாள்.

ஆடியும் ஆவணியும் வேடிக்கையாகவே போயின. மூட்டைக்குக் காலேஜ்காரன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். விடியற்காலையில் கரையெல்லாம் கேட்கும்படி வலைக்கார மாமா குரல் கொடுப்பார்.

"ஏப்பா, காலேஜ்காரன ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சு மாமா. நேத்தைக்கு இன்னைக்குக் கனம் கூடிட்டான். இங்கிலீசு ஏறிருச்சு போல."

"இருக்கட்டும். நாம பேசுறதுக்கு எதுத்துப் பேச மாட்டேங்குறான் பாரு, அதான்யா படிப்பு."

மீன் நன்றாகப் பட்டது. பங்கு பிரிக்கும்போது அண்ணனின் பங்கை முதலில் எடுத்து வைப்பார்கள். பக்கத்துப் படகுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, மூட்டை நல்ல யோசனைதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

விநாயகர் சதுர்த்திக்கு அண்ணன் வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. சின்னாத்தா நண்டு வறுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"என்னடா சொல்லித் தர்றாக?"

"எல்லாம் இங்கிலீசுல நடத்துறாங்க சின்னாத்தா."

"ஒனக்குப் புரியுதுல்ல?"

"புரியுது." பதில் சொல்லும்போது அவர் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நண்டின் ஓட்டை உடைக்காமலே கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

ஐப்பசி பிறந்தது, பாதி போனது. தென்காற்று இன்னும் இருந்தது. ஆனால் முன்போல் இல்லை. சில நாள் மத்தியானம் அப்படியே நின்றுவிடும். பாய் துவண்டு தொங்கும். வலைக்கார மாமா ஒரு முறை, "மாப்ள, ஆளப் போட்டுருவோமா?" என்று கேட்டார். "தீபாவளிக்குத்தான் இன்னும் நாளிருக்கே மாமா" என்றார் அப்பா. சொன்ன சொல்லை அவர் ஒரு கயிறு போலப் பிடித்திருந்தார். அது எந்தக் கம்பத்தில் கட்டியிருக்கிறது என்று பார்க்கவில்லை.

ஐப்பசிக் கடைசி வாரத்தில் அண்ணன் தீபாவளி விடுமுறைக்கு வந்தார். வந்த அன்று சாயங்காலம் சித்தப்பா கரையில் படகுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். சுறா எண்ணெய். அந்த நாற்றம் இன்றும் எங்காவது வந்தால் நான் அங்கிருந்து நகர்ந்துவிடுவேன். ஆத்தா தூக்குவாளியில் டீ கொடுத்தனுப்பினாள். நான் படகின் மறுபக்கம் வந்து நின்றபோது அண்ணனின் குரல் கேட்டது.

"சித்தப்பா, நான் திரும்பிப் போகல."

"எங்க?"

"காலேஜுக்கு. ஒண்ணும் வெளங்கல சித்தப்பா. சார் வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். பக்கத்துல இருக்கவன் சிரிச்சா நானும் சிரிக்கிறேன். எதுக்குச் சிரிச்சோம்னு தெரியல."

எண்ணெய்த் துணி மரத்தில் தேய்கிற சத்தம் நின்றது.

"போகப் போகச் சரியாயிராதா?"

"ஆகாது சித்தப்பா. நான் பலகையிலயே ஏறிக்கிறேன். எனக்கு அதுதான் தெரியும்."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"பயமா இருக்கு."

"சரி விடு. நான் சொல்றேன். தீபாவளி கழியட்டும். நல்ல நாளும் அதுவுமா அவுக மூஞ்சி தொங்க வேணாம். நான் சொன்னா கேப்பாக."

அண்ணன் மூக்கை உறிஞ்சினார். "நாளைக்கு நான் வாரேன் சித்தப்பா. மூட்ட வேணாம்."

"நாளைக்கு ஒங்காத்தா ஒன்ன சட்டை எடுக்க அறந்தாங்கிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு குதிச்சுக்கிட்டு இருக்கு. அதப் போயி எடு. நாளைக்கு ஒரு நா அந்தக் காலேஜ்காரனே வரட்டும். அப்பறம் பூரா நீதான்."

நான் டீயைக் கொடுத்தேன். சித்தப்பா என்னைப் பார்த்து, "காது நீளமா இருக்கே பாப்பா. வாய் நீளாமப் பாத்துக்க" என்றார். கண்ணைச் சிமிட்டினார்.

மறுநாள் ஆத்தாவும் அண்ணனும் அறந்தாங்கிக்குப் போனார்கள். நான் சின்னாத்தாவோடு கரையில் கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தேன். மத்தியானம் காற்று நின்றது. ஈக்கள் மீனை விட்டு எங்கள் முகத்துக்கு வந்தன. எவ்வளவு நேரம் அப்படி நின்றது என்று சொல்லத் தெரியவில்லை. திடீரென்று மணல் என் கன்னத்தில் அடித்தது. எப்போதும் அடிக்கிற கன்னமில்லை, மற்றது. குளிர்ந்த காற்று. சின்னாத்தா கத்தியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். "வாடை" என்றாள். கரையில் இருந்த பெண்கள் எல்லாரும் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. எங்கள் படகை ஒரு லாஞ்சு கட்டி இழுத்து வந்தது. பாய்மரம் முறிந்திருந்தது. படகுக்குள் தண்ணீர். பலகை அப்படியே இருந்தது. பலகையின் நுனியில் மூட்டை அப்படியே இருந்தது. நனைந்து கறுத்து, கட்டின கட்டு அவிழாமல், ஓர் ஆள் குந்தியிருப்பது போலவே இருந்தது. தூரத்தில் அதைப் பார்த்துச் சின்னாத்தா, "வந்துட்டாக, வந்துட்டாக" என்று கத்தினாள். அவள் மூட்டையைத்தான் சித்தப்பா என்று நினைத்திருக்கிறாள்.

லாஞ்சிலிருந்து அப்பாவும் வலைக்கார மாமாவும் இறங்கினார்கள். அப்பா தண்ணீரிலேயே நின்றுவிட்டார். வலைக்கார மாமாதான் வந்தார். "முடிச்ச அறுக்கப் போனான்" என்றார். மற்றதெல்லாம் பிற்பாடு அவர் சொல்லித்தான் தெரியும். பாய் விரிந்திருக்கும்போதே காற்று தெற்கிலிருந்து வடக்குக்கு மாறிவிட்டது. மூட்டை இருந்த பக்கமே படகு சாய்ந்தது. மூட்டையின் கனமும் அதனோடு சேர்ந்துகொண்டது. அறுத்துத் தள்ளச் சித்தப்பா கத்தியோடு பலகையில் ஓடினார். அந்தப் பக்கம் முழுதும் தண்ணீருக்குள் போய்விட்டது. பாய்மரம் முறிந்த பிறகுதான் படகு நிமிர்ந்தது, சித்தப்பாவைக் காணவில்லை.

தீபாவளியன்று காலையில் சித்தப்பா தெற்கே கரை ஒதுங்கினார். ஊருக்குள் வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் புதுச் சட்டையோடு ஓடினார். முந்தின நாள் போட்டுப் பார்த்ததைக் கழற்ற மறந்திருந்தார்.

கருமாதி முடிந்ததும் ஆத்தாவிடம் போனேன். எனக்குத் தெரிந்திருந்த விஷயம் என் நெஞ்சில் நிற்கவில்லை. அண்ணனுக்குப் படிப்பு வரவில்லையாம், திரும்பிப் போகப் பிடிக்கவில்லையாம், சித்தப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது என்றேன். அது அண்ணனுக்கு உதவும் என்று நினைத்தேன். ஆத்தா அம்மியில் கை வைத்திருந்தாள். மசாலாக் கையாலேயே என் வாயில் அறைந்தாள்.

"இத இன்னொருவாட்டி சொன்ன, நாக்க இழுத்து வச்சு அறுத்துருவேன். அந்த மனுசன் எதுக்குடி செத்தாரு? இவன் படிக்கன்னு செத்தாரு. ஒஞ் சின்னாத்தா காதுல இது விழுந்துச்சு, அவ அன்னைக்கே கடல்ல எறங்கிருவா."

வாயெல்லாம் மிளகாய். எரிச்சலைவிடப் பெரிதாக எனக்கு இருந்தது திகைப்பு. ஆத்தா ஆச்சரியப்படவே இல்லை. அவளுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது.

கார்த்திகையில் படகைச் செப்பனிட்டார்கள். புதுப் பாய்மரம் நட்டார்கள். வலைக்கார மாமா தன் அண்ணன் மகன்கள் இருவரில் ஒருவனைச் சித்தப்பா இடத்துக்கு அழைத்து வந்தார். படகைத் தண்ணீரில் தள்ளும் அன்று அப்பா எல்லார் முன்னாலும் சொன்னார்: "இந்தப் படகு மெதக்குற வரைக்கும் தம்பி பங்கு தம்பி வீட்டுக்கு." அப்போது அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஏறிப் போய்ப் பலகை நுனியில் உட்கார்ந்தார். அப்பா பார்த்தார். தடுக்கவில்லை. அப்பாவின் முகத்தில் அப்போது இருந்தது நிம்மதி என்றுதான் இன்று எனக்குத் தோன்றுகிறது.

பாதி தண்ணீரில் கிடந்த படகைத் தள்ள எல்லாரும் கை வைத்தார்கள். பின்னால் திடீரென்று பேச்சு அடங்கியது. சின்னாத்தா வந்துகொண்டிருந்தாள். புருஷனை இழந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண், படகு இறக்குகிற நேரத்தில் கரைக்கு வருவது எங்கள் பக்கம் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஒரு கிழவர் காறித் துப்பினார். சின்னாத்தா நேரே தண்ணீருக்குள் இறங்கி, பலகையின் பக்கத்தில் இடுப்பளவில் நின்றாள்.

"எறங்குடா."

"சின்னாத்தா, நான்..."

"எறங்கு."

"எனக்கு இதுதான் சின்னாத்தா வரும்."

"ஒனக்கு எது வரும்னு நான் கேக்கல. நாளைக்கு எவளாச்சும் ஒருத்தி, ஒம்புருசன் எதுக்குச் செத்தாருன்னு கேப்பா. நான் என்ன சொல்ல? மணலுக்குன்னு சொல்லவா? சொல்லு. நீ சொல்லு, நான் அப்புடியே சொல்றேன்."

அண்ணன் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்வதற்கு அவருக்கு இருந்த கடைசி நேரம் அதுதான். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆத்தா என் தோளை அழுத்திப் பிடித்திருந்தாள். அண்ணன் இறங்கினார்.

"பலகைக்கு ஆளு வேணுமே தாயி" என்றார் அப்பா.

"எங்கண்ணனோட மூத்த மகனையும் கூட்டிக்கலாம்" என்றார் வலைக்கார மாமா. "ஆனா அவனுக்குப் பங்கு போட்டா, படிப்புக்கு ஏது?"

"என் பங்கு இருக்குல்ல" என்றாள் சின்னாத்தா. "எனக்கு ரெண்டு கையி இருக்கு. கருவாடு போட்டுத் திங்கிறேன். அவுக பங்கு இவனுக்குப் போகட்டும்."

கரையே அவளைக் கும்பிட்டது. காறித் துப்பிய கிழவர்கூட மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். நானும் அவளைத் தெய்வம் என்றுதான் நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை முதல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆள்களுக்குப் போன பங்குகளால் எங்கள் வீட்டிலும் வரவு குறைந்திருந்தது. சின்னாத்தாவோடு கருவாட்டு வேலைக்குப் போகச் சொன்னார்கள். அதை யாரும் செலவு என்று நினைக்கவில்லை. படிப்பு தகுமா தகாதா என்று நீங்கள் பேசிக்கொள்கிறீர்கள். பேச முடிகிறது, அதுவே பெரிய விஷயம். ஒரு விலைக்கு மேல் கொடுத்துவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாமல் போய்விடுகிறது. எங்கள் வீட்டில் அது கார்த்திகையில் நடந்தது.

வைகாசியில் அண்ணன் வந்தார். பாஸ் என்றார். சின்னாத்தா கரை முழுக்கக் கல்கண்டு கொடுத்தாள். அடுத்து பி.ஏ.வில் சேருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆடி மாதம் சின்னாத்தாவுக்கு உப்பிலேயே கிடந்து கைவிரல் புண் ஆறவில்லை. புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குப் போவது என்றாயிற்று. துணைக்கு நான். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டதும், "வா, ஒங்கண்ணன் படிக்கிற எடத்தப் பாத்துட்டுப் போவோம்" என்றாள். மடியில் வறுத்த நெத்திலி வைத்திருந்தாள். வழி கேட்டுக் கேட்டு ஹாஸ்டல் வாசலுக்குப் போனோம். காவல்காரர் பெயரைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அந்தக் கடக்கரைப் பையனா? அவன் பெயிலாயில்ல போயிட்டான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில நிக்கிறான்னு பசங்க பேசிக்கிட்டாங்க. நீங்க யாரு, அவுக ஆத்தாவா?"

நான் சின்னாத்தாவின் முகத்தைப் பார்த்தேன். லாஞ்சு இழுத்து வந்த படகைப் பார்த்து நின்றபோதுகூட அந்த முகம் அப்படி ஆகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிடித்த கைக்கட்டில் இரத்தம் ஊறுவதை நான்தான் பார்த்தேன்.

கடையைக் கண்டுபிடித்தோம். மத்தியானக் கூட்டம். உள்ளே போய் மேஜையில் உட்கார்ந்தாள். என்னையும் உட்கார வைத்தாள். ஒரு கை வந்து இலையைப் போட்டது. அப்படியே நின்றுவிட்டது. நிமிர்ந்தால் அண்ணன். பனியன், இடுப்பில் ஈரத்துண்டு.

நான் அலறிவிடுவேன் என்று நினைத்தேன். சின்னாத்தா இலையில் தண்ணீரைத் தெளித்தாள். இலையைத் துடைத்தாள்.

"சோறு வையி" என்றாள்.

வைத்தார். குழம்பு ஊற்றினார். அது இலைக்கு வெளியே ஓடியது. அவள் கட்டுப் போடாத இடது கையால் பிசைந்து ஒரு பருக்கை விடாமல் தின்றாள். நான் தொடவில்லை. "திங்கிடி. ஒங்கண்ணன் வச்ச சோறு" என்றாள்.

கடைக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் இடத்தில் அண்ணன் வந்து நின்றார். அண்ணன் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பெயிலானதுலேருந்து பங்குப் பணத்தத் தொடல சின்னாத்தா. அப்புடியே இருக்கு. எடுத்துட்டுப் போயிரு. நானும் வந்துர்றேன்."

"எங்க வார?"

"ஊருக்கு."

"வந்து?"

அவர் இடுப்புத் துண்டை அவிழ்த்துப் பிழிந்தார்.

"அன்னைக்கே, பலகையில உக்காந்தப்பவே, ஒனக்குத் தெரியுமாடா?" என்றாள். "படிப்பு வராதுன்னு?"

"தெரியும்."

"அவுகளுக்கு?"

"முந்துன நாளே சொல்லிட்டேன். தீபாவளி கழிச்சு அப்பாகிட்ட பேசுறேன்னாரு."

சின்னாத்தா சுவரில் சாய்ந்தாள். குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. யாரோ உள்ளேயிருந்து, "டேய், ரெண்டாம் மேஜை எலை எடு" என்று கத்தினார்கள்.

"போ. எலைய எடு" என்றாள். "டுட்டோரியல்னு இருக்காமே, அதுல சேரு. மறுபடி எழுது. வரலைன்னா மறுபடியும் எழுது. ஊருக்கு நீ காலேஜுலதான் இருக்க." மடியிலிருந்த நெத்திலிப் பொட்டலத்தை அவர் கையில் திணித்தாள்.

அண்ணன் எழுதினார். மறுபடியும் எழுதினார். ஒரு முறையும் தேறவில்லை. பிற்காலத்தில் அதே ஊரில் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை வைத்து, பிள்ளை குட்டிகளோடு நன்றாகவே இருந்தார். எங்கள் கரையில் அவரை பி.ஏ. என்றுதான் கடைசி வரை நினைத்திருந்தார்கள். கடலுக்கு மட்டும் அவர் வந்ததேயில்லை.

அன்று பஸ்ஸில் சின்னாத்தா கைக்கட்டைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டே வந்தாள். இறங்கிக் கரைக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. படகுகள் வந்திருந்தன. பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னத்தா, காலேஜப் பாத்தியா? எப்புடி இருக்கு?"

"அடேயப்பா" என்றாள் சின்னாத்தா. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. "நம்ம கோயிலாட்டம் கல்லுக் கட்டடம். மேல காத்தாடி சுத்துது. கோட்டுப் போட்ட வாத்தியாரு. நம்ம புள்ள மொத வரிசையில, சன்னலோரமா உக்காந்து எழுதிக்கிட்டே இருக்கு. கூப்புட்டாக்கூட நிமிர மாட்டேங்குது. நான்தான் போதும் வாடான்னு வந்துட்டேன்."

வலைக்கார மாமா வானத்தைப் பார்த்துக் கையேந்தினார். அப்பா வலையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"இன்னும் எத்தன வருசமாம் தாயி?"

சின்னாத்தா அவரை நேராகப் பார்த்தாள். "மூணு வருசம் மச்சான்."

"மூணு வருசந்தான?" என்றார் அப்பா. "கண்ணமூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிரும்."

சித்தப்பா போன பிறகு அப்பா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.